ஆதரவாளர்கள் முதலில்

மாநிலத் தலைநகர் லிங்கனுக்குப் போகும் வழியில் கால்நடை டாக்டர் லோவெல் பிரமர் வண்டியை நிறுத்தி, தன் கிளினிக்கில் வேலை பார்க்கும் ஷைலாவுக்கு ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சி பன் வாங்கித் தந்தார். அவள் அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். அப்பா இறைச்சி ஆலையில் மாடு அறுத்துப் படிக்கவைத்தார். தேர்வெழுதிக் கால்நடை டெக்னீஷியன் உரிமம் வாங்கினாள். டாக்டரும் உரிமம் பெற்ற டெக்னீஷியனும் தவிர வேறு யாரும் பிராணிகளுக்கு மயக்கம் கொடுக்கக் கூடாது என்ற மசோதா இன்று சட்டமன்றக் குழுவுக்கு வருகிறது; அதை ஆதரித்துப் பேசத்தான் இருவரும் போகிறார்கள்.

"பிஸ்கெட் விஷயத்த நீ எடுக்காத. அது என் வாயால வரணும்" என்றார் டாக்டர்.

பிஸ்கெட், பள்ளி பஸ் ஓட்டும் ட்ரூடியின் நாய். பல் சுத்தம் செய்ய வந்தது. அன்று ஷைலா விடுப்பு. உரிமம் இல்லாத வரவேற்பு மேசைப் பெண்ணிடம் மயக்கக் குழாய் போடச் சொன்னார் டாக்டர். மூச்சுக்குழலுக்குள் போகவேண்டிய குழாய் உணவுக்குழலில் போய் உட்கார்ந்தது; பிஸ்கெட் மூச்சுத்திணறிச் செத்துப்போனது. இதயம் பலவீனம் என்று ட்ரூடியிடம் சொல்லிவிட்டு, மறுநாள் ஷைலாவிடம் உண்மையைச் சொல்லி அழுதார். குழுவில் தானே சொல்வதாகச் சத்தியமும் செய்தார்.

"ஆதரவாளர்கள் முதல்ல வாங்க. ஆளுக்கு ஒரு தடவைதான்" என்றார் சட்டமன்ற அறையில் குழுத் தலைவர்.

"நீ போ பொண்ணு, பின்னாலயே வர்றேன்" என்றார் டாக்டர்.

ஷைலா பேசினாள். நாயைப் பற்றி மூச்சு விடவில்லை.

"ஆதரவா வேற யாராச்சும்?"

டாக்டர் அசையவில்லை. முழங்கையால் இடித்தாள். அவர் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சரி, எதிர்க்கிறவங்க வரலாம்."

எழுந்தார்.

"லோவெல் பிரமர். எதிர்க்கிறேன். சின்ன ஊர்ல உரிமத்தோட ஆளுக்கு எங்க போறது? நானே கத்துக்குடுத்து வேலை வாங்குறேன். இத்தனை வருஷத்துல என் கிளினிக்ல ஒரு தப்பு நடந்ததில்ல. அதோ, என் ஷைலாவையே கேளுங்க."

ஷைலா கையைத் தூக்கினாள்.

"உங்க முறை முடிஞ்சுதும்மா" என்றார் தலைவர்.

திரும்பி வந்த டாக்டர் குனிந்து கிசுகிசுத்தார். "கோவிச்சுக்காத. எல்லாரும் உரிமம் வாங்கினா சம்பளத்துக்கு நான் எங்க போவேன்? உனக்குக் கூட்டித் தர்றேன்."

"என் உரிமம் உங்களுக்குச் சுவத்துல மாட்டத்தான் வேணும், இல்ல?"

அவள் நடைவழிக்கு வந்து போனை எடுத்தாள்.

"ட்ரூடி, நான் ஷைலா. பஸ்ஸ ஓரமா நிறுத்துங்க. பிஸ்கெட் இதயத்துல ஒரு கோளாறும் இல்ல."

பின்னால் வண்டிச் சாவி குலுங்கியது. "யாருகிட்ட பேசுற? போலாமா?"

ஷைலா திரும்பவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை.