மலாக்கா பயணத் திட்டம், ஆறாம் திருத்தம்

தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் குடியிருந்த சிவகுருநாதன், அரசாங்க அலுவலகமொன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே, மனைவி குணபூசணியை மலாக்காவுக்கு அழைத்துப் போவதென்று முடிவெடுத்தார். அது 1982. இரண்டு வருடம் கழித்தும் அது முடிவாகவே இருந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. சீனப் பெருநாள் என்றால் கூட்டம், நோன்பு மாதம் என்றால் கடையடைப்பு, ஆண்டுக் கடைசி என்றால் மழை. எஞ்சிய மாதங்களில் திட்டத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். டைப் அடித்த ஐந்து பக்கம், மூன்று பிரதி. காலை ஆறு ஐந்துக்குப் புறப்பாடு. கோட்டையைச் சுற்றிப் பார்க்க ஒரு மணி இருபது நிமிடம். கடற்காற்று வாங்கப் பதினைந்து நிமிடம்.

ஆறாவது திருத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி வாசலுக்கு வந்தாள். அவள் புருஷன் வேலாயுதம் மளிகைச் சாமான் ஏற்றும் வான் வைத்திருந்தான்.

"ஆன்டி, இவரு மலாக்காவுக்குச் சாமான் போடப் போறாரு. நானும் போறேன். வரீங்களா? சாயங்காலம் வந்துடலாம் லா."

குணபூசணி உள்ளே போய், "இஞ்சாருங்கோ, நீங்களும் வாங்கோவன்," என்றார்.

"ஒரு ஆயத்தமும் இல்லாமலோ?" என்று கேட்டார் சிவகுருநாதன், தலை நிமிராமல்.

குணபூசணி குடையை எடுத்துக்கொண்டு வானில் ஏறிவிட்டார்.

அன்று பகல் முழுக்கச் சிவகுருநாதனுக்கு எதுவும் ஓடவில்லை. வான் பழுதாகும், மனைவி வழி தவறுவாள், தன் திட்டத்தை விட்டுவிட்டுப் போனதற்கு வருந்துவாள் என்று வரிசையாக எதிர்பார்த்தார். ஆறு மணிக்குக் குணபூசணி வெயிலில் கருத்த முகத்தோடும் இரண்டு உருளை மலாக்கா வெல்லத்தோடும் சிரித்துக்கொண்டு வந்திறங்கினார்.

சிவகுருநாதன் பேனாவைத் திறந்தார். "கோட்டை?"

"வாசல் மட்டும்தான் நிக்குது. மிச்சத்தை வெள்ளைக்காரர் அந்தக் காலத்திலேயே உடைச்சுப்போட்டாங்களாம்."

"கடல்?"

"மண் போட்டுத் தூர்த்துப்போட்டாங்கள். கொஞ்சம் நடக்கவேணும்."

தன் திட்டத்துக்கு அடங்காத ஊரின் மேல் அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் அப்பகுதித் தமிழர் சங்க மண்டபத்தில் 'மலாக்கா செல்வோர்க்கு ஒரு வழிகாட்டி' என்று ஐம்பது நிமிடம் பேசினார். நேரில் போய் வந்ததாக எங்குமே சொல்லவில்லை. போகவில்லை என்றும் சொல்லவில்லை. கைதட்டல் பலமாக இருந்தது.

முன் வரிசையிலிருந்த வீரசிங்கம் எழுந்தார். "குன்றுக்கு மேல இருக்கிற பழைய தேவாலயத்தின் கூரை எப்படி?"

அதை மனைவியிடம் கேட்கச் சிவகுருநாதன் மறந்திருந்தார். "நல்ல உறுதியான கூரை," என்றார், கணீரென்று.

"கூரையே இல்லை," என்றார் பெண்கள் பக்கத்திலிருந்த குணபூசணி. "உள்ளுக்குள்ள நிண்டு நான் குடை பிடிச்சனான்."

நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் குணபூசணி பக்கம் திரும்பின. நல்ல சாப்பாடு எங்கே, ஏறுவதற்கு எத்தனை படி, கழிப்பறை உண்டா என்று கேள்விகள் கிளம்பின. எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. வருகிற வியாழன் வான் போகிறது, ஏழு பேர் வரலாம் என்று அவர் சொன்னதும் ஏழு பெண்கள் அங்கேயே சேர்ந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது சிவகுருநாதன் முச்சந்தியில் நின்று, "எனக்கொரு இடம் இருக்குமோ?" என்று கேட்டார்.

"சீட்டெல்லாம் முடிஞ்சுதே," என்றார் குணபூசணி. கணவரைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது.

வியாழன் காலை வேலாயுதம் வானின் பின்கதவைத் திறந்து, "அங்கிள், இங்கதான் இடம். மூட்டை மேல உக்காந்துக்குங்க, மெதுவா ஓட்டுறேன்," என்றான்.

இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டையோடு சிவகுருநாதன் வெங்காய மூட்டையின் மேல் ஏறி அமர்ந்தார். முன்னால் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். கண் எரிந்து நீர் வழிந்தும், வழியில் அலோர் காஜாவில் வானை நிறுத்தும் வரை அவர் ஒரு வார்த்தைகூட முறையிடவில்லை. இறங்கியதும் மனைவியிடம், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டார்.