எட்டடிக்கு ஒன்பதடி

நீலாவதி கட்டிய வீடு, குடிபுகுந்த மறுநாளிலிருந்து தினம் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், சுருங்கியது. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் இதற்கெல்லாம் யாரும் வாயைப் பிளக்கவில்லை. மண்ணில் செய்தது சுருங்கும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அமெரிக்காவில் ஓர் அப்பா, இரண்டு மகன்கள், ஒரு மருமகன் என்று குடும்பமாக வீடு வரைந்து கொடுத்தவர்கள், நூற்று நாற்பது வருஷம் முன்பு தபாலில் விற்ற புத்தகம் அவளுக்குப் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. மாடியை மூத்தவன் வரைவான், பூவேலையை இளையவன், கதவு ஜன்னலை அப்பா. கடிதங்களுக்கு மருமகன் பதில் போடுவான். பன்னிரண்டாம் பக்கத்துக் கூம்புக்கூரை வீட்டின்மேல் நீலாவதிக்கு ஆசை வந்துவிட்டது. அவள் தொழிலோ பீங்கானுக்கு அச்சு வெட்டுவது. சூளையில் சுருங்குவதையும் சேர்த்து எட்டங்குல ஜாடிக்கு ஒன்பதங்குல அச்சு வெட்டிப் பழகிய கை, வீட்டையும் எட்டடிக்கு ஒன்பதடியாகக் கூட்டிக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டது.

ஒன்பதடி வாசற்கதவு மூன்று மாதத்தில் எட்டடிக்கு வந்து நின்றது. புத்தகத்தில் இருந்த அளவும் அதுதான். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மகள் இனியா வந்து நின்றாள்.

"எம்மா, யூனிஃபார்ம் கைய முழுங்குது பாரு."

நாலடி இருந்த ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டங்குலம் குறைந்திருந்தாள். நீலாவதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கம்மாபுரத்துத் தங்கை வீட்டுக்கு ஓடினாள், அங்கேயும் குறைந்தாள். டாக்டர் சத்து டானிக் எழுதினார். கடைசியில் சூளை போடும் நடராசன்தான் உள்ளதைச் சொன்னான்.

"வூட்டுக்கு அளவு புத்தகத்துல இருக்குதுக்கா, அங்க வந்து நின்னுடுச்சி. புள்ளைக்கு அளவு எங்க இருக்குது? அது எங்க போயி நிக்கும்?"

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு படிவம் இருந்தது. வீட்டில் எத்தனை பேர், யார் என்ன உயரம் என்று எழுதி அனுப்பினால் அதற்கேற்ப வரைந்து தருவார்களாம். நீலாவதி அதில் "இனியா, நாலரை அடி" என்று நிரப்பினாள். அரையடியைத் தெரிந்தேதான் கூட்டினாள். அந்தப் பழைய முகவரிக்கே தபாலில் சேர்த்துவிட்டு, தினமும் ஸ்கூலுக்கு முன் பிள்ளையை டேப்பால் அளந்தாள். தூக்கமும் சோறும் அவளுக்கு மறந்துபோயின.

பதினாறாம் நாள் பதில் வந்தது. நால்வரும் கையெழுத்திட்ட புது வரைபடம். வாசலில் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண், பக்கத்தில் நாலரை அடி. ஓரத்தில் மருமகன் எழுதியிருந்தான்: வீட்டில் ஒரே ஒருவர் என்று எழுதியிருப்பதால், சமையல் மேடையைப் பிள்ளைக்கு எட்டும்படி தாழ்த்தியிருக்கிறோம்.

நீலாவதி தாள் முழுக்கத் தன்னைத் தேடினாள். பதற்றத்தில் தன் பெயரை எழுதவே மறந்திருந்தாள். புத்தகத்தைப் புரட்டினாள், தன் அளவை எழுத இன்னொரு படிவம் இல்லை. ஆனால் இனியாவின் சட்டைக்கை அன்றைக்கே மணிக்கட்டுக்கு ஏறிவிட்டதைப் பார்த்ததும் தாளை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டாள்.

இப்போது அவள் மகளின் தோளுக்கு இருக்கிறாள். அச்சு மேசைக்கு எட்டுவதற்காக நடராசன் இரண்டு செங்கல் போட்டிருக்கிறான். பொங்கலுக்குள் மூன்றாவது வேண்டியிருக்கும். காலையில் இனியாதான் அவளை மடியில் இருத்தித் தலை பின்னிவிடுகிறாள். அம்மா அசைந்துகொண்டே இருப்பதால் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பதைத் தவிர இனியாவுக்கு வேறு குறை இல்லை.