பாலத்துக்குக் கால்

துணி முழுவதையும் விரித்தபோது தையல்கடையில் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. தையல்காரி வெட்டுமேசை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிவப்புத் துணியில் வெட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக அந்த வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ‘எங்கள் பாலத்துக்கு ஓட்டுப் போடுங்கள்.’ அவ்வளவுதான் வாசகம். மறுநாள் காலையில் அதைத் தெருவுக்குக் குறுக்கே கட்டியாக வேண்டும். மத்தியானம் தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள்.

நாட்டின் தலைசிறந்த ஏழு பழஞ்சின்னங்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவித்ததிலிருந்து ஊர்க்காரர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. போட்டியில் நின்ற நாற்பதில் கோட்டைகளுக்கும் அரண்மனைகளுக்கும் நடுவே இந்த ஊர்க் கல்பாலமும் எப்படியோ நுழைந்திருந்தது. இத்தனை காலம் மிதித்து நடந்த பாலத்தை அப்போதுதான் எல்லோரும் ஏறிட்டுப் பார்த்தார்கள். மூட்டை சுமக்கிறவர்கள்கூட நடுவில் நின்று கைப்பிடிச் சுவரைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். மருந்துக்கடைக்காரர் மாத்திரையை நீட்டும்போதே, "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, ஓட்டுப் போட்டுட்டு ஒண்ணு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

பேனர் யோசனையும் அவருடையதுதான். தெருவில் அவ்வளவு உயரமான மாடிகள் இரண்டே இரண்டு. ஒன்று தையல்கடை, மற்றது எதிரே இருக்கும் போட்டோ ஸ்டூடியோ. அங்கேதான் வந்தது சிக்கல். ஸ்டூடியோக்காரி தையல்காரிக்கு நாத்தனார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில், ஊரே கூடியிருந்த இடத்தில், "அண்ணி தைச்ச சட்டைல கேமராவைத் தூக்க முடியல, அக்குள் பிடிக்குது" என்று அவள் சொல்லப்போக, பந்தியே சிரித்துவிட்டது. சொன்னதுகூடத் தையல்காரிக்கு வலிக்கவில்லை. அதைத் தனியாக வந்து சொல்லியிருக்கலாமே என்பதுதான் முள்ளாகத் தங்கிவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. பஸ் கண்டக்டரான கணவர் மட்டும் இங்கே சாப்பாடு, தங்கச்சி வீட்டில் டீ என்று மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டிருந்தார்.

காலையில் அவர்தான் தெரு நடுவில் நின்று விசில் ஊதினார். இந்த ஜன்னலில் மனைவி, அந்த ஜன்னலில் தங்கை. ஒரு விசில் என்றால் இழு, இரண்டு என்றால் விடு. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இழுக்க, பேனர் எழும்பி விறைத்து நின்றது. கீழே கைதட்டினார்கள். பிறகு அந்தக் கைதட்டல் தானாகவே சுரத்துக் குறைந்தது. ரொட்டிக்காரர் சைக்கிளை நிறுத்தி, இது எந்தக் கட்சி என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்பது மேலே வரை கேட்டது.

ஜன்னலிலிருந்து பார்த்தால் பேனரின் ஓரம்தான் தெரிந்தது. ஏதோ தப்பு என்று மட்டும் தையல்காரிக்குப் புரிந்தது. படம் எடுக்கக் கீழே இறங்கிவந்த நாத்தனார் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனவள் அப்படியே இறக்கினாள். கூட்டத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து இந்த ஜன்னலைப் பார்த்தாள். தையல்காரி ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சொல்லட்டும், இப்போதும் ஊருக்கு முன்னால் சொல்லட்டும் என்று பல்லைக் கடித்தாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணி," என்றாள் தணிந்த குரலில். "பாலத்துக்குக் காலைக் காணோம்."

"என்னது?"

"‘பா’வுக்குக் கால் போடல. ‘எங்கள் பலத்துக்கு ஓட்டுப் போடுங்கள்’னு இருக்கு."

தையல்காரி அவளையே பார்த்தாள். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் அடக்கவே முடியவில்லை. கீழே கேட்டுவிடக் கூடாதென்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு, துணி வெட்டுகள் சிதறிக் கிடந்த தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மூன்று வருடத்துச் சிரிப்பு பாக்கி இருந்தது.

காலுக்குச் சிவப்புத் துணி மிச்சமில்லை. நாத்தனார் ஓடிப்போய் ஸ்டூடியோவில் பின்னால் தொங்கும் சிவப்புத் திரையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். தொழில் சாமானாயிற்றே என்று தையல்காரி கத்தரியை வைக்கத் தயங்கினாள்.

"வெட்டுங்க அண்ணி. இனிமே வர்றவங்களைக் கொஞ்சம் நெருக்கி நிக்க வைக்கறேன்."

பேனரை இறக்கித் தெருவிலேயே போட்டு, ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டுக் கையால் தைத்தார்கள். அதற்குள் வந்த பஸ்ஸைக் கண்டக்டர் விசில் ஊதி நிறுத்திவிட்டு, நின்ற நேரத்துக்குப் பயணிகளையெல்லாம் ஓட்டுப் போட வைத்தார். தொலைக்காட்சியில் பேனர் வந்தபோது அந்தக் கால் மட்டும் மற்ற எழுத்துகளைவிடக் கருஞ்சிவப்பாக, ஒரு பிடி நீளமாக இருந்தது. அதுவும் ஓர் அழகுதான் என்றாள் நாத்தனார்.

முடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தது. மருந்துக்கடை வாசலில் தொலைக்காட்சியை வைத்து ஊரே கூடியிருந்தது. ஏழு பெயர்களில் பாலம் இல்லை. ஒன்பதாவது இடம். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார். தலைநகரத்து அரண்மனை பதினொன்றாவது என்று அவர் வாசித்ததுதான் தாமதம், ஏழாவது இடம் கிடைத்திருந்தால்கூட அப்படி ஆர்ப்பரித்திருக்க மாட்டார்கள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, கூட்டம் தானாகவே பாலத்தைப் பார்த்து நடந்தது. ஊர் மொத்தமும் பாலத்தின் மேல் நிற்க, ஒரே படமாக எடுத்துவிட வேண்டும் என்றாகிவிட்டது.

கரையிலிருந்து எடுத்தால் பாதிப் பேர்கூட அடங்கவில்லை. நாத்தனார் கேமராவோடு ஆற்றில் இறங்கிப் பின்பக்கமாகவே நடந்தாள். கல் வழுக்கி அவள் தடுமாறியதைப் பார்த்த தையல்காரி உடுப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, பின்னாலிருந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"ரெண்டு ஓரமும் வெளிய நிக்குது அண்ணி."

"அப்ப இன்னும் வா. நான் பிடிச்சிருக்கேன்."

பாலத்தின் இரண்டு முனையிலிருந்தும் ஆட்கள் இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள். சாயங்கால வெயிலில் கல் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. காலால் தடவித் தடவி இடம் பார்த்து, முழங்காலைத் தாண்டிய தண்ணீரில் இருவரும் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.