சாட்சிக்கு ஒரு கடைசி வரி

ஜெப்ஸி எழுதினது அத்தனையும் உண்மைதான் மக்களே, ஒரு வரியைத் தவிர. அந்த ஒரு வரிதான் அவளைத் தலைநிமிர விடாமல் அடித்தது.

முத்தையாபுரத்தில் வீடு. புருஷன் ஷாம் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டினவன். குடியினால் வண்டியை விட்டு இறக்கிவிட்டார்கள். அதையெல்லாம் அவள் ஒளிக்காமல் எழுதினாள். மகளின் பள்ளிக்கூட வாசலில் அவன் வேட்டி அவிழ்ந்து கிடந்தது, தான் பார்க்காதவளைப்போல எதிர்ப்பக்கமாக நடந்து போனது, எல்லாம். எழுதி முடித்தபோது பல் பிடுங்கின மாதிரி வலியும் நிம்மதியுமாக இருந்தது.

சபையின் மாதப் பத்திரிகையில் ‘சாட்சிப் பக்கம்’ என்று ஒன்று உண்டு. அதற்கு அனுப்பினாள். கோயில் போதகரை அங்கே ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் படித்துவிட்டுப் போன் பண்ணினார்.

“கண்ணீர் வந்துட்டும்மா. ஆனா விடுதலை எங்க? சாட்சின்னா முடிவுல விடுதலை வரணும்லா?”

அவளைக் குறை சொல்லாதீங்க கண்ணுகளா. சின்ன வயசிலிருந்து எத்தனை சாட்சி கேட்டவள்! வியாதிக்காரன் கதை சுகத்தில் முடியும். குடிகாரன் கதை குடியை விட்டதில் முடியும். உடனே எல்லாரும் ‘ஸ்தோத்திரம்’ என்பார்கள். விடுதலை வராத சாட்சி உப்பில்லாத குழம்பு என்று அவளுக்கே தோன்றிவிட்டது. ஒரே ஒரு வரி சேர்த்தாள்: ‘இன்று என் கணவர் குடியைத் தொடுவதில்லை.’

பத்திரிகை வந்த வாரமே குழாயடியில் பேச்சிச்செல்வி பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

“ஏளா ஜெப்ஸி, ஒங்க வீட்டுக்காரரு குடிய விட்டுட்டாராமே! அப்போ நேத்து ஒயின்ஷாப் பக்கத்துச் சாக்கடைக்குள்ள ஒரு காலு கெடந்துச்சே, அது யாரு காலு?”

ஜெப்ஸி குடத்தை நிரப்பாமலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் ஷாம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்குத் தெளிவாகத்தான் இருந்தான்.

“நான் விழுந்த எடத்தையெல்லாம் எழுதியிருக்க. சரி, ஊரு பாத்ததுதான. எந்திரிச்சுட்டேன்னும் எழுதிட்டியே ஏளா! இனி நான் எங்கன போயி விழ?”

“ஐயருதாங்க கேட்டாரு…”

“அந்த ஐயருதான் போன் பண்ணுனாரு. ஞாயித்துக்கிழம கோயில்ல என்னைய சாட்சி சொல்லச் சொல்லுதாரு.”

ஐயரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. போனை எடுப்பாள், வைப்பாள். சாட்சிப் பக்கத்தில் பொய் எழுதினேன் என்று எந்த வாயால் சொல்ல? அப்படியே வாரம் போயிற்று, பாவம்.

ஞாயிறு ஆராதனையில் ஷாம் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆண்கள் பக்கமிருந்து எழுந்து போனான். வெள்ளைச் சட்டை; அவள்தான் தேய்த்துக் கொடுத்திருந்தாள். குடிக்காமல்தான் வந்திருந்தான். மைக்கை வாய்க்கு நேரே இழுத்து வைத்துக்கொண்டான்.

“அவ எழுதுனதெல்லாம் சரி. கடைசி வரி மட்டும்…” என்று நிறுத்தி, பெண்கள் பக்கம் பார்த்தான். “அது நடக்கல. அது அவளோட ஆசை.”

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தார்கள். ஜெப்ஸிக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளைக் காட்டிக்கொடுத்திருக்கலாம், அவன் மூடிவிடுகிறான். பள்ளிக்கூட வாசலில் அவன் வேட்டியை இழுத்து மூடாமல் போனவள்தானே அவள்!

முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள்.

“ஆசை இல்லைங்கய்யா. பொய். தெரிஞ்சேதான் எழுதுனேன்.”

ஷாம் குனிந்து முணுமுணுத்தான். வாய்க்கு நேரே மைக் இருப்பதை மறந்துபோனான் போல. கோயில் பூராவும் கேட்டது.

“ஏளா, உக்காரு. ஆசைன்னே இருக்கட்டும்.”