ஜூலை மாதத்து ஜக்கெற்

1

கிருபன் எழுந்தான். பல் தீட்டினான். கேத்திலைப் போட்டான். பாணுக்குப் பட்டர் பூசித் தின்றான். சப்பாத்து மாட்டினான். வாசல் அலுமாரியைத் திறந்தான். மூடினான். ரொறன்ரோவின் ஒரு கரையான மில்லிக்கனிலிருந்து மறுகரை மிசிசாகாவுக்கு, வேலைக்கு, காரோட்டிப் போனான்.

இதைவிடச் சப்பென்ற தொடக்கத்தை நீங்கள் அண்மையில் வாசித்திருக்கமாட்டீர்கள். வேறு தொடக்கங்களும் இருந்தன.

மலை உச்சியில் காற்று அவளுடைய கூந்தலை— (அன்று காற்றே இல்லை.)

நிரூபா சிரிக்கத் தொடங்கினால்— (முடிக்கத் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

ஆகவே பாணும் பட்டரும்.

கதை எங்கே பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிருபனின் மனைவி நிரூபா இறந்து முப்பத்தோராம் நாள், வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கல்வெட்டுக் கொடுத்தார்கள். கருங்கல் அல்ல, இறந்தவரின் படமும் புலம்பல் பாட்டுகளும் அச்சடித்த சிறு புத்தகம். அதில் ஒரு வரி பிழை. எழுத்துப்பிழை இல்லை. சிரிப்புப்பிழை. அதைத் திருத்தத்தான் இவ்வளவும்.

(கிருபன் நான்தான். ‘நான்’ என்று தொடங்கினால் பேனை நகரமாட்டேன் என்கிறது. ‘அவன்’ என்றால் வேலைக்கெல்லாம் போய்வருகிறான்.)

2

தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஜூலை. ரொறன்ரோவுக்கு வடக்கே கொலிங்வூட் பக்கம் ஒரு பனிச்சறுக்கு ஊர் இருக்கிறது, போவோம் என்றான் கிருபன். வேலையிடத்துக் கலண்டரில் மலையொன்று உச்சி வெளுத்து நின்றது. அது எந்த நாட்டு மலை என்று அவன் பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை என்பதை வாசகர் இங்கே கொஞ்சம் கருணையோடு நினைத்துக்கொள்ள வேண்டும். மலை அறியாதவன் படிப்பை நம்புவான். கிருபன் பௌதிகப் பட்டதாரி. உயரே போகப் போகக் குளிரும். குளிர்ந்தால் பனி கிடக்கும். வாசல் அலுமாரியிலிருந்து இரண்டு தடித்த மாரிக்கால ஜக்கெற்றுகளையும் கையுறைகளையும் தூக்கிக் காரின் டிக்கியில் போட்டான். நிரூபா பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது சேமிப்பு. பிறகு வட்டியோடு வரும்.

கார் நின்றதும் கேட்டாள்.

“மலை எங்கை?”

“இதுதான்.”

“உதோ?”

(‘உது’ தெரியாத வாசகருக்கு: ‘இது’ என்னிடம் இருப்பது. ‘அது’ தூரத்தில் எங்கோ இருப்பது. ‘உது’ உன் பக்கத்தில் இருப்பது. அதாவது, நீயே வைத்துக்கொள்.)

முன்னால் பச்சைப் புல் முளைத்த பெரியதொரு மேடு. பனிச்சறுக்குப் பாதையில் மஞ்சள் பூ. மக்கள் அரைக் காற்சட்டையோடு ஐஸ்கிறீம் நக்கினார்கள். இந்த இடத்தில் புத்தியுள்ள ஒரு பாத்திரம் தோல்வியை ஒப்புக்கொள்ளும். கிருபனை அப்படி எழுதிப் பார்த்தேன், அவன் கேட்கவில்லை. உச்சியில் குளிரும் என்று சாதித்தான். சாதித்ததால் ஜக்கெற்றைப் போடவும் வேண்டி வந்தது. நிரூபாவும் தன்னுடையதைப் போட்டுக் கழுத்துவரை சிப்பை இழுத்தாள். ஏனென்று கேட்டான்.

“உங்களைத் தனிய விசரனாய் விடேலாது.”

கம்பியில் தொங்கிப்போகும் கதிரைகளில் ஆட்களை ஏற்றிவிட்ட வெள்ளைக்காரப் பெட்டை, சுகமாக இருக்கிறீர்களா என்று உண்மையாகவே கேட்டாள். இவர் விஞ்ஞானி, மேலே குளிர் இருக்கிறதா என்று அளக்கப் போகிறார் என்று நிரூபா ஆங்கிலத்தில் விளக்கினாள். முகம் அசையவில்லை. பெட்டை வாழ்த்தி அனுப்பினாள்.

மேலே, கீழே இருந்ததைவிடச் சூடு. கிருபனின் நாடியிலிருந்து வியர்வை சொட்டியது. நிரூபா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி குனிந்தாள். பிறகு யாரோ ஒருவரைப் பிடித்துப் படமும் எடுப்பித்தாள், ஜக்கெற்றோடு.

(கல்வெட்டில் இருப்பது இந்தப் படம் அல்ல. அதில் கூறைச் சேலை.)

3

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவன் சப்பாத்து மாட்டும்போது குசினியிலிருந்து ஒரு கேள்வி வரும். சொல் மாறாது. குரல் சிரிக்காது. அவன் ஒரே பதிலைச் சொல்லுவான்: “ஓம், ரெண்டு.” கதவு சாத்தினபிறகு உள்ளே அவள் சிரிப்பது கேட்கும்.

ஓகஸ்டில் ஒரு நாளும் அப்படித்தான். கேள்வி, பதில், கதவு, சிரிப்பு. மத்தியானம் அவளுடைய வேலையிடத்திலிருந்து கிருபனுக்குத் தொலைபேசி வந்தது. மூளையில் ஒரு இரத்தக்குழாய் வெடித்திருந்தது. அவன் ஆசுப்பத்திரிக்குப் போனபோது அவள் பேசும் நிலையில் இல்லை.

(இந்தப் பந்தியை நீட்டலாம். நீட்டவில்லை.)

4

கல்வெட்டுப் பாடுவதில் ஸ்காபரோவில் பேர்போனவர் இராஜரட்ணம் அங்கிள். நல்ல மனுசன். பிள்ளை கடைசியாய் என்ன சொன்னவ என்று கேட்டார். கிருபன் அப்படியே சொன்னான். அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார்.

“பாரும் தம்பி, அந்த வெக்கைக்குள்ளையும் உமக்குக் குளிரும் எண்டெல்லோ யோசிச்சிருக்கிறா.”

கிருபன் வாயைத் திறந்தான். அங்கிள் அதற்குள் எழுதத் தொடங்கிவிட்டார்.

*கொண்டவன் குளிர்வானென்று கோடையிலும் கவன்றாயே.*

முப்பத்தோராம் நாள் அந்த வரியில் சபை அழுதது. கிருபன் அழவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறான் என்றார்கள். நிரூபா நல்லவள். ஆனால் அப்படி நல்லவள் இல்லை. ஒரு பகிடிக்காரியைப் புதைத்த இடத்தில் ஒரு பதிவிரதை முளைத்து நிற்கிறாள். (எரித்தோம். ‘புதைத்த’ என்பது ஓசைக்காக வந்தது; அங்கிளின் வியாதி தொற்றுகிறது.)

இப்போது ஆட்டைத் திவசம், முதலாண்டு நினைவு, வருகிறது. அந்த வரியைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்டு, படத்துக்குக் கீழே மாட்டவேண்டும் என்று அங்கிள் சொல்கிறார். மாட்டிவிட்டால் அவள் அந்தச் சுவரில் நிரந்தரமாகக் கவன்றுகொண்டிருப்பாள்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. கிருபன் உண்மையைச் சொல்கிறான். மாமி, நிரூபாவின் தாய், மகள் கடைசியில் கேலி செய்தாளா என்று உடைந்துபோகிறார்.

ஆ. கிருபன் பேசாமல் இருக்கிறான். இதற்குக் கதை தேவையில்லை.

இ. இது நான் எழுதவில்லை. போன கிழமை மாமி தானாகவே தொலைபேசி எடுத்தார். சாப்பிட்டீங்களோ என்று கேட்டார். பிறகு:

“தம்பி, அவள் உண்மையாய் உப்பிடிக் கவலைப்பட்டவளோ? எனக்குக் காய்ச்சல் எண்டாலும் பகிடி விட்டுக்கொண்டெல்லோ தேத்தண்ணி தாறவள்.”

“சொன்னது உண்மை, மாமி.”

“அப்ப என்னத்துக்குச் சொன்னவள்?”

“ஒரு மலையிலை இருந்து துவங்கவேணும், மாமி. பொறுங்கோ. எழுதித் தாறன்.”

5

இதுதான் எழுதியது. மாமிக்குக் கொடுக்க முன் உங்களிடம் காட்டுகிறேன். முடிவு என்னிடம் இல்லை. கடைசி வரியை உரத்து வாசியுங்கள், குசினியிலிருந்து வருவதுபோல. உங்களுக்குக் கண் கலங்கினால் அங்கிள் வென்றுவிட்டார், கண்ணாடி போடட்டும். சிரிப்பு வந்தால் மாமிக்கும் வரும்.

ஓகஸ்ட் மாதம். வெளியே தார் உருகுகிற வெயில். கிருபன் சப்பாத்து மாட்டுகிறான்.

“என்னப்பா, உந்த ஜக்கெற்றை எடுத்தனீங்களே?”