தறிக்கூடத்துக்கு வந்த துறவிகள்

"ஏண்டி, படத்தைப் பாத்துட்டா அப்புறம் உன் கதையை யாரு காது குடுத்துக் கேப்பா?"

அண்ணி விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் நாத்தனாரான அவளுக்குச் சுருக்கென்றது.

துண்டு நெய்யும் ஆலையில் தறி ஓட்டுகிறவள் அவள். சாப்பாட்டு இடைவேளையில் மூலையில் தனியாக உட்கார்ந்து டப்பாவைக் காலி செய்துவிட்டு எழுந்துபோவாள். நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு தடித்த புத்தகம் வந்துதான் அவளுக்கு வாய் முளைத்தது. பல நூறு ஆண்டுகளுக்கு முந்தைய துறவி மடம், மலையுச்சி, விடாத மழை. மணியடிக்கும் துறவி கிணற்றடியில் செத்துக் கிடக்கிறார். அடுத்தது தேன் எடுப்பவர். இருவர் செருப்பிலும் ஈரமே இல்லை. வழியில் தங்கவந்த ஒரு துறவி துப்புத் துலக்குகிறார். தினம் இடைவேளையில் ஓர் அத்தியாயம் உரக்க வாசித்தாள். சாப்பிட்ட கை காய்வது தெரியாமல் கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். முன்கூட்டி ஒரு வரிகூட அவள் பார்த்துவைப்பதில்லை.

கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தபோதுதான் தறிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் குண்டைப் போட்டார். அதே கதை படமாக ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் வருகிறதாம். பெரிய டி.வி. இருப்பது அவள் அண்ணன் வீட்டில். மொத்தக் கூட்டமும் வந்து இறங்கிவிட்டது.

படம் ஓடியது. மடத்துச் சாப்பாட்டு மண்டபத்தில் துறவிகள் பேசக் கூடாது, எல்லாம் கைச்சாடைதான். மடத்துத் தலைவர் சமையல்காரத் துறவியைப் பார்த்துத் தன் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"நிறுத்துங்கிறாரு!" மெக்கானிக் துள்ளி எழுந்தார்.

"ஆமா, நிறுத்துன்னுதான்!" பாவு நூலுக்கு முடிச்சுப் போடும் முடிச்சு அக்காவும் கத்தினாள்.

தறிச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. அவர்கள் கூடத்தில் தோளைத் தட்டினால் நூல் அறுந்தது, தறியை நிறுத்து என்று அர்த்தம்.

சமையல்காரர் போய் ஒரு போர்வையோடு வந்தார்.

"குளிருதாம்பா அவருக்கு," என்றான் லாரி ஓட்டும் அவள் அண்ணன். வீடே சிரித்தது.

ஆனால் கடைசியில் படம் கொலைகாரன் என்று காட்டியது அந்தத் தலைவரைத்தான். மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. "முதல் நாளே சொன்னேனா இல்லையா?"

ஈரம் படாத செருப்பு படத்தில் வரவேயில்லை. அது அவளைக் குடைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் இடைவேளையில் கூட்டம் மெக்கானிக்கைச் சுற்றி இருந்தது. அவர் படத்தை முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவளுடைய மூலையில் யாரும் இல்லை. அண்ணி சொன்னது பலித்துவிட்டது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் அந்தச் செருப்பு விடவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். முதல் வரியைப் பார்த்ததும் தன்னையறியாமல் உரக்க வாசித்துவிட்டாள்.

"விடிந்தபோது மடத்துத் தலைவரின் உடல் சில்லிட்டுப்போயிருந்தது."

முடிச்சு அக்கா திரும்பினாள். "என்னடி சொல்ற? அவருதானே கொலைகாரன்?"

"புத்தகத்துல செத்துட்டாருக்கா."

"செத்த மாதிரி நடிக்கிறாரு," என்றார் மெக்கானிக்.

"உடம்பு சில்லிட்டுப்போற அளவுக்கா?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்துக்கொண்டே மூலைக்கு நகர்ந்தது. "நீ படி புள்ள."

அவள் படித்தாள். தலைவரின் செருப்பிலும் ஈரம் இல்லை. மூவரும் கூரைக்குக் கீழே கொல்லப்பட்டு, வெளியே சுமந்து போடப்பட்டவர்கள். ஓர் ஆளை ஒற்றைத் தோளில் தூக்கும் பலம் அந்த மடத்தில் ஒருவருக்குத்தான் உண்டு: அன்றாடம் மாவு மூட்டை சுமக்கும் சமையல்காரர்.

"அடப்பாவி! போர்வை கொண்டுவந்தானே, அவனா?" முடிச்சு அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏனாம்? அதைப் படி முதல்ல!"

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவர் பாதி சாப்பிட்ட டப்பாவை மூடினார். பேண்டைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து தறிக்கூடத்துக்குள் போய்விட்டார்.