மேற்குப் பக்கத்து மலை

எதிர்வீட்டுப் பசுபதி தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ஐம்பத்தெட்டாம் வருஷப் பொங்கலுக்குப் பெட்டி கேமரா வாங்கினான். அதுமுதல் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதாக எனக்குத் தகவல் இல்லை. புது லாட்ஜ் கட்டிய ராஜமாணிக்கம், "நல்லதா நம்ம அண்ணாமலைப் படம் ஒண்ணு குடுப்பா, வெள்ளிக்கிழமை திறப்புக்கு முன்கூடத்துல மாட்டறேன்" என்று சொல்லித் தொலைத்தார். ஊரே பார்க்கும் சுவர்! பசுபதிக்குத் தூக்கம் போயிற்று.

முதல் படத்தில் மலைக்குக் குறுக்கே மின்சாரக் கம்பி. என் கத்தரிக்கோலையே இரவல் வாங்கிக் கம்பியை வெட்டினான். உச்சியும் சேர்ந்து போயிற்று.

"சாமி தலையவே சீவிட்டியேப்பா" என்றேன். கோபம் வேறு வந்தது அவனுக்கு.

அடுத்ததில் மலை ஓரத்தில் இருந்தது.

"சாமிய ஏம்பா மூலையில ஒக்கார வெச்சிருக்கே?" என்றார் ராஜமாணிக்கம்.

"அதான் அழகுன்னு கேமரா புஸ்தகத்துல போட்டிருக்குதுங்க."

"எழுதினவன் மலை சுத்தி வந்திருக்கானா?"

பசுபதி லீவு போட்டு, மலைக்கு அந்தப் பக்கம் மேற்கே இருக்கும் அடி அண்ணாமலைக் கிராமத்துக்குச் சைக்கிள் மிதித்தான். அங்கே கம்பி இல்லை. நடுவில் மலை, முன்னால் வயல், மேலே மேகம். பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தபோது நானே எழுந்து வந்து பார்த்தேன்.

"அம்சமா இருக்குது. எந்த ஊர் மலை?" என்றார் ராஜமாணிக்கம்.

"நம்ம மலைதாங்க!"

"நம்ம மலைக்கு ஒரே உச்சி. இதுல மூணு இருக்குது."

"மேற்கால நின்னு பாத்தா அப்படித்தாங்க. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுத்தறீங்களே, பாத்ததில்லையா?"

"கல்லு குத்துமேன்னு கீழ பாத்து நடப்பேன்."

பசுபதி அவரை அப்படியே ஜட்கா வண்டியில் ஏற்றினான். சாட்சிக்கு ஆள் வேண்டாமா? நானும் ஏறிக்கொண்டேன். அடி அண்ணாமலை வரப்பில் நின்று படத்தையும் மலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார் ராஜமாணிக்கம்.

"சரிதான். ஆனா லாட்ஜ இங்கயா கட்டியிருக்கேன்? ஜன்னல்ல ஒரு மலை, சுவத்துல வேற மலைன்னா வர்றவன் சிரிக்க மாட்டான்?"

ஜட்காவில் போய் உட்கார்ந்துவிட்டார். பசுபதி படத்தை மடியில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்தான். வயலுக்குச் சொந்தக்காரரான சகாதேவன் வந்து எட்டிப் பார்த்தார்.

"அட, எங்க பக்கத்து மலை! டவுன்காரங்க இதை எங்க படம் புடிக்கறீங்க? ரோட்டுல என் டீக்கடை இருக்குது, மலை சுத்தற சனம் அத்தினியும் அங்கதான் நிக்கும். மாட்டிடறேன், குடு."

பசுபதி முகம் மலர்ந்தது. சகாதேவன் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இங்க எங்க கெணறு இருக்கணுமே?"

"பார்வைக்கு நல்லா இல்லைன்னு வெட்டிட்டேங்க."

"கெணத்தையா?" படம் திரும்ப மடிக்கு வந்தது. "கெணத்தோட கொண்டா, மாட்டறேன்."

பசுபதி பல்லைக் கடித்தான்.

"கெணறு எவ்வளவு பெருசா தெரியணும்?"